முதலில் சாவி, பிறகு செய்தி

அன்று பஸ்ஸில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடராசா மாஸ்டர். முதியோர் சங்கத் தலைவர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். எனக்குப் பின்னால் முதல் இருக்கை.

செல்வமலர் அக்கா. எழுபது கடந்தவர். சென்ட் லோரன்டில் மகளோடு இருக்கிறார். மடியில் மூடி போட்ட எவர்சில்வர் செம்பு. அதற்குள் முருகனுக்கு அபிஷேகப் பால். மகளின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததற்கு நேர்த்திக்கடன்.

கனகு அண்ணை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். வாய் மட்டும் ஓயவில்லை.

தங்கம்மா, இராசம்மா. அக்கா தங்கை. ரொக்ஸ்பரோவில் ஏறியவர்கள். கடைசி வரிசையில் இருந்து கதைத்தாலும் எனக்குக் கேட்கும்.

மற்றவர்கள் சங்கத்து ஆட்கள். பஸ் நிறைய. பாதிப் பேருக்கு மேல் ஒரே ஊர், ஒருவருக்கு ஒருவர் இரத்த உறவு.

கடைசியாக நான். அந்தோனி. மன்னார். கத்தோலிக்கன். எட்டாம் வகுப்பு. சாரதி.

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். எங்கள் கம்பனியில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஓட்டுகிறார்கள். சாரதிக்கு முன்னால் ஒரு திரை பூட்டியிருக்கிறார்கள். அலுவலகம் எழுதுவது அதில் வந்து விழும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. "அண்ணை, உங்கட காலத்தில செய்தி எப்பிடி வரும்?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவினேன். பெட்டி அடுக்கினேன். பாடசாலை பஸ் ஓட்டினேன். பிறகு பெரிய பஸ். அவ்வளவுதான் படிப்பு.

பெரிய பஸ்ஸுக்கு என்னைப் பழக்கியவர் ரேமோன். கியூபெக்காரர். சாரதிகளுக்குப் பொறுப்பானவர். குட்டையான ஆள். வாயில் எப்போதும் ஒரு பல்லுக்குச்சி. அதிகம் பேச மாட்டார். எனக்கும் அது வசதி. என் பிரெஞ்சு அப்போது பத்துச் சொல்லுக்கு மேல் போகாது.

காலையில் வண்டியைச் சுற்றி வருவார். நான் பின்னால் போவேன். ஒவ்வொரு சில்லின் டயரிலும் காலால் ஒரு தட்டு. சில்லு ஆணிகளை விரலால் தொட்டுப் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும். தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், இடுப்பு வலி இருந்தும். பிறகு உள்ளே ஏறுவார். ஆட்களை எண்ணும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் கை வைத்துக்கொண்டு கடைசி வரை போவார். திரும்பி வரும்போது இன்னொரு தரம். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பார்.

ஒரு நாள் கியூபெக் நகரப் பயணம் முடித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டேன். ரேமோன் வாசலில் நின்றார். பல்லுக்குச்சி வாயில் இல்லை. கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகுதான் சொன்னார். மன்னாரில் என் அப்பா இறந்துவிட்டார். மனைவி அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தாள்.

என்னைத் தன் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டார்.  இறங்கும்போது தோளில் கை வைத்தார், இருக்கை எண்ணுகிற மாதிரி.

வேலைக்குத் திரும்பிய பிறகு கேட்டேன், ஏன் முதலில் சாவி என்று. "செய்தி கேட்டவனுக்கு முதலில் கைதான் தளர்ந்து போகும். கையில் இருப்பதை முதலில் வாங்கு. பிறகு சொல்" என்றார். இன்னொன்றும் சொன்னார். பயணிக்கு ஒரு செய்தி வந்தால் அது உன்னுடையது அல்ல. பஸ்ஸில் கண்டெடுத்த குடை மாதிரி. உரியவர் கையில் கொடு. வைத்துக்கொண்டு திரியாதே. வண்டி நிற்க வேண்டும், எஞ்சின் நிற்க வேண்டும், நீ நேரே போய்ச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கோடையில் சங்கத்தின் கோயில் பயணம் வந்தது. அலுவலகம் என்னைப் போட்டது, தமிழ் தெரியும் என்று.

காலையில் நகருக்குள் ஒரு அம்மன் கோயில். அது சுகமாக முடிந்தது. அடுத்தது வடக்கே, மலைப்பக்கம், வியட்நாம் பிக்குணிகளின் புத்த மடம். அதற்கும் மேலே, காட்டுக்குள், மலையில் ஒரு முருகன் கோயில். ஒரு மணிக்கு அபிஷேகம். நேரத்துக்கு ஏற வேண்டும் என்று மாஸ்டர் காலையில் இருந்தே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

புத்த மடத்துக்கு நான் வேறு கூட்டங்களை ஏற்றிக்கொண்டு பல தடவை போயிருக்கிறேன். புல் சரிவில் வெள்ளைப் புத்தர் சரிந்து படுத்திருப்பார். சுற்றி அவருடைய சீடர்களின் சிலைகள். ஒருவருக்கு நீண்ட புருவம், ஒருவர் சிரிப்பு, ஒருவர் காது குடைகிறார். எங்கள் ஆட்கள் இறங்கியவுடன் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அம்மன் கோயிலில் வாங்கிய பூவைத் தங்கம்மா புத்தர் காலடியில் வைத்தார்.

"கற்பூரம் கொளுத்தலாமோ?" என்றார்.

"கொளுத்துங்கோ, காடு பத்தட்டும். நாளைக்கு எல்லாரும் டிவியில வரலாம்" என்றார் கனகு அண்ணை.

"இவரைக் கும்பிடலாமோ எண்டு கேளன் மாஸ்டரை" என்றார் இராசம்மா.

"கும்பிடுங்கோ. இவர் வியட்நாம் புத்தர். எங்களோட ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் கனகு அண்ணை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

செல்வமலர் அக்கா இறங்கவில்லை.

"இறங்கிப் பாக்கேல்லையோ அக்கா? காத்து நல்லா வருது" என்றேன்.

"நான் பாத்த புத்தர் போதும் தம்பி."

அந்தக் கதை எனக்குப் பாதி அவர் சொல்லித் தெரியும், பாதி பிறகு மாஸ்டர் சொன்னது. ஊரில் அவர்களுடைய காணி, சண்டைக் காலத்தில் இராணுவ வலயத்துக்குள் போனது. திரும்பக் கிடைத்தபோது ஒரு மூலையில் புத்த விகாரை நின்றது. அக்காவின் அண்ணன் வழக்குக்குப் போகவில்லை. மிச்சக் காணியை விற்றுவிட்டார். இங்கே இருந்த தங்கையைக் கேட்காமல் விற்றார். அதோடு பேச்சு நின்றது. வருடக்கணக்கில் நின்றது.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். சில்லுகளைத் தட்டினேன். அந்தப் பக்கம் போனுக்குச் சிக்னல் இல்லை. மடத்தின் வாசல் மேட்டில் மட்டும் சில நேரம் ஒரு கோடு வரும், போகும். மேட்டில் ஏறியபோது என் போன் அதிர்ந்தது. அலுவலகம். பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். உங்கள் பயணி திருமதி கணேசலிங்கத்தின் மகள் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் மாமாவுக்குக் கடைசி நேரம். அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கேட்கிறார். மாமாவின் மகனுக்கு உடனே வீடியோவில் அழைக்கச் சொல்லவும்.

கோடு போய்விட்டது.

யார் திருமதி கணேசலிங்கம் என்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் பக்கத்தில் வந்தார். கேட்டேன்.

"செல்வமலர். ஏன் தம்பி?"

சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"இப்ப சொல்லாதையும்" என்றார்.

"மாஸ்டர்?"

"பொய் சொல்லச் சொல்லேல்லை. பிந்திச் சொல்லச் சொல்லுறன். அபிஷேகம் முடியட்டும். அங்க உயிர் போனா, போனதெண்டு காதில விழுந்தா, இந்த பஸ்ஸில பாதிப் பேருக்குத் துடக்கு. நானும் அதுக்குள்ளதான். ஒருத்தரும் கோயிலுக்குள்ள போக ஏலாது. அவவின்ர நேர்த்தியும் போச்சு. ஒரு வருசமாப் பாத்திருந்து வந்த சனம்."

துடக்கு என்கிற அந்தச் சாவுத் தீட்டு எனக்கு இல்லை. எங்களுக்குச் சாவு வந்தால் கோயிலுக்குத்தான் முதலில் போவோம். ஆனால் இவர்களுடைய முறை தெரியும். கலியாண வீட்டில் தாலி ஏறும்வரை சாவுச் செய்தியை ஒளித்து வைத்த ஆட்களைத் தெரியும். அதில் பிழை இருப்பதாகவும் எனக்குப் படவில்லை. மாஸ்டர் கெட்ட மனுஷன் இல்லை. 

"அவர் இன்னும் இருக்கிறார் மாஸ்டர்" என்றேன். "பாக்கக் கேக்கிறார்."

"மேல போய்ச் சிக்னல் இருக்குமோ?"

"மேல இதுகும் இல்லை. இஞ்ச உள்ளுக்கு வைஃபை இருக்கு."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அங்கே நிற்க முடியாமல் பஸ்ஸுக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் அக்காவுக்கு அதுவே செய்தியாகிவிடும்.

எஞ்சின் ஏற்கெனவே நின்றிருந்தது. ஏறினேன். அக்கா யன்னலுக்கு வெளியே மற்றப் பக்கம், காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் செம்பின் மேல்.

"அதை ஒருக்கா தாங்கோ அக்கா."

"ஏன் தம்பி, சிந்துதோ?"

"தாங்கோ."

வாங்கினேன். பக்கத்து இருக்கையில் சாய்த்து, இருக்கைப் பட்டியைப் போட்டு இறுக்கினேன். பிறகு சொன்னேன். அலுவலகம் எழுதியதை எழுதியபடி சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவருடைய கை மடியில் விரிந்து கிடந்தது. செம்பு இருந்த இடத்தில் சேலை நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"என்னைக் கேட்டவராமோ?"

"உங்களைத்தான் கேட்டவர்."

"இப்ப எடுக்கலாமோ?"

"உள்ளுக்குப் போனால் எடுக்கலாம்."

மடத்து வாசலைப் பார்த்தார். வாசலுக்கு மேலே ஒரு புத்தர் இருந்தார்.

"அதுக்குள்ளயோ?"

"அதுக்குள்ள மட்டும்தான் அக்கா."

எழும்பினார். படியில் இறங்கக் கை கொடுத்தேன். மாஸ்டர் கீழே நின்றார். அக்கா அவரைப் பார்த்து, என்னைத் திருப்பி அனுப்பினார். "தம்பி, அந்தச் செம்பை எடுத்தாரும்." கொண்டுவந்தேன். அதைத் தன் கையால் வாங்கி மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"கெதியாக் கொண்டு போங்கோ அண்ணை. இப்ப அவர் இருக்கிறார். இப்ப துடக்கில்லை. இப்ப குடுக்கலாம்."

மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார்.

செருப்பை வாசலில் கழற்றினார் அக்கா. உள்ளே மேசையடியில் இருந்த வயதான பிக்குணிக்கு என்னைத் தெரியும். பிரெஞ்சில் இரண்டு வசனம் சொன்னேன். அவர் மேலதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு கதிரை, ஒரு மேசை, சுவரில் ஒரு புத்தர் படம். போனை வாங்கி வைஃபை போட்டுக் கொடுத்தார். பற்றரியில் சார்ஜ் குறைவு என்று கண்டு, வயரைத் தேடிக்கொண்டு வந்து செருகினார். முதலாவது வயர் பொருந்தவில்லை. இரண்டாவதைக் கொண்டுவர ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை நான் பார்த்தேன்.

மணி அடித்தது. எடுத்தது மருமகன், அண்ணனின் மகன். "மாமி" என்றான். வேறு பேசாமல் போனைத் திருப்பினான்.

அண்ணனின் முகத்தில் ஒக்சிஜன் மூடி. கண் மட்டும் தெரிந்தது. மூடியை யாரோ விலக்கினார்கள்.

"மலரோ?"

"ஓம். நான்தான்."

"கேக்குதில்லை. கிட்ட வா."

அக்கா போனை முகத்தோடு பிடித்தார். அங்கேயிருந்து அந்தக் கண் இவரை விட்டு மேலே போனது.

"பின்னால ஆர் நிக்கிறது?"

அக்கா திரும்பிப் பார்த்தார். 

"புத்தர்" என்றார்.

 மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும்.

"அங்கையும் வந்திட்டாரோ?"

அக்கா சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். அது இருமலாகப் போனது. மூடியைப் போட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு பயணியைத் தனியே விட்டுப் போக முடியாது. அது சட்டம். அக்காவை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. ஒரு மணிக்கு மேலே பூசை. வாசலில் நின்றேன், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். கனகு அண்ணை வந்தார். என்னவென்று கேட்கவில்லை.

"நான் நிக்கிறன் இவவோட. நீ ஏத்திக்கொண்டு போ."

"அபிஷேகம் அண்ணை?"

"முருகன் என்னைப் பாத்துப் பாத்து அலுத்துப் போனார். ஒரு வருசம் பாக்காமல் இருக்கட்டும்." அறை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்தார். அக்காவின் செருப்பை வெயிலில் இருந்து எடுத்து நிழலில் வைத்தார்.

பஸ்ஸில் ஆட்களை எண்ணினேன். கை வைத்து எண்ணினேன். இரண்டு முதுகு வெறுமை. எல்லாருக்கும் தெரிந்தது.

"செல்வமலருக்கு என்னவாம்?" என்றார் இராசம்மா.

"ஒண்டுமில்லையாம்" என்றார் தங்கம்மா.

"ஒண்டுமில்லாட்டி ஏன் நிண்டவ?"

"பேசாமல் இரு. கேட்டால் உனக்கும் கோயில் இல்லை, எனக்கும் இல்லை."

மாஸ்டர் எழும்பி நின்றார். செம்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். "எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ" என்றார். காரணம் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. பஸ் முழுக்க ஒரே நேரத்தில் தலை குனிந்தது. தங்கம்மாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிடுங்கி நிறுத்திக் கொடுத்தார். சிக்னல் இல்லாத காட்டில்தான் போய்க்கொண்டிருந்தோம். இருந்தாலும் நிறுத்தினார்கள். எங்கேயாவது ஒரு மேட்டில் ஒரு கோடு வந்தால்?

மேலே ஏறும் வழி ஒடுக்கம். வளைவுகள். முன்னால் மரம் ஏற்றிய லொறி ஒன்று ஊர்ந்தது. முந்த முடியாது. கண்ணாடியில் பார்த்தேன். ஒருவரும் பாடவில்லை. காலையில் தேவாரம் பாடிக்கொண்டு வந்த சனம்.

என் போன் மட்டும் நிற்கவில்லை. சாரதி நிறுத்தக்கூடாது. அது காற்சட்டைப் பைக்குள் கனத்தது. இந்த வழியில் அது அதிர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். உரியவர் கையில் கொடு என்றார் ரேமோன். உரியவர் கீழே இருக்கிறார். இவர்கள் உரியவர்களா? இரத்தம் ஒன்றுதான். அந்தக் கணக்கை ரேமோன் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதிரவில்லை.

கோயிலில் அவர்கள் உள்ளே போனார்கள். நான் வண்டியடியில் நின்றேன். மேளம் கேட்டது. சில்லு ஆணிகளைத் தொட்டேன். சூடு இல்லை. திரும்பவும் தொட்டேன். வண்டியை எத்தனை தரம் சுற்றினேன் என்று தெரியாது. சாப்பாடு கொண்டுவந்து தந்தார்கள். வாங்கி வைத்தேன். சோறு இறங்கவில்லை.

மாஸ்டர் முதலில் வெளியே வந்தார். வெறும் செம்பு. என் பக்கத்தில் நின்று மலையைப் பார்த்தார்.

"பால் வாத்தாச்சு" என்றார். "ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டவர். செல்வமலரின்ர பேரைச் சொல்லுவம் எண்டுதான் போனனான். வாயில வந்தது அவளின்ர அண்ணன்ர பேர். நட்சத்திரம் கேட்டை."

"எப்பிடித் தெரியும் மாஸ்டர்?"

"ஒரே வகுப்பு. ஒரே வாங்கு."

நான் அவரைப் பார்த்தேன். மேட்டில் என்னோடு வாதாடியபோது அதை அவர் சொல்லவில்லை.

"நீர் சொன்னது சரியோ, நான் சொன்னது சரியோ தெரியாது" என்றார். "அவளின்ர முகத்தைப் பாத்தால் தெரியும். எடும் வண்டியை."

இறங்கும்போது நான் வேகமாக ஓட்டவில்லை. ஓட்ட ஆசையாக இருந்தது. ரேமோன் பழக்கிய கால் விடவில்லை.

மடத்து வாசலில் கனகு அண்ணை நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினேன். அக்கா வந்தார். பிக்குணி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி வரைக்கும் வந்தார். அக்கா அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை.

ஏறினார். முன் இருக்கையடியில் நின்றார். 

"பூசை முடிஞ்சுதோ அண்ணை?"

"முடிஞ்சுது பிள்ளை" என்றார் மாஸ்டர்.

"அப்ப சொல்லலாம். என்ர அண்ணை போயிட்டார்."

ஒருவரும் கத்தவில்லை. இராசம்மா எழும்பி வந்து அக்காவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்தார். மாஸ்டர் செம்பை மடியில் வைத்து, அதற்குள் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒருவர் போனைப் போட்டார். இன்னொருவர் போட்டார். திறக்கிற சத்தம் ஒவ்வொன்றாகப் பின்னால் போனது. நெடுஞ்சாலைக்கு வந்து சிக்னல் பிடித்தவுடன் எல்லாம் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. யாழ்ப்பாணம், லண்டன், ரொறொன்ரோ. எல்லாருக்கும் ஒரே செய்தி. எல்லாரிடமும் ஒரே பதில்: "ஓம், தெரியும். இஞ்ச எங்களோடதான் இருக்கிறா."

சென்ட் லோரன்டில் அக்காவை இறக்க வேண்டும். மகள் வீட்டு வாசலில் வெளியே நின்றாள். வண்டியை நிறுத்திப் பின்னால் போனேன். அக்கா போனைக் கையில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கதைச்சனீங்கள் அக்கா?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

"கதைச்சது கொஞ்சம். காணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதைக்க ஏலாமல் போன பிறகும் மருமகன் நிப்பாட்டேல்லை. காதடியில வைச்சுவிட்டவன். நான் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தன். கடைசி வரைக்கும்." போனை என்னிடம் நீட்டினார். "எவ்வளவு நேரமெண்டு இதில போட்டிருக்காம். எனக்குக் கண்ணாடி இல்லை. பாத்துச் சொல்லும் தம்பி."

வாங்கிப் பார்த்தேன். சொன்னேன்.

இரண்டு மணித்தியாலம், பதினான்கு நிமிடம்.